டி.வி. பாத்திரங்கள் திரையில் சிகரெட் பிடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலையில் கோத்தகிரி, அரவேணு, கட்டபெட்டு பகுதிகளில் கேபிள் இணைப்பு கொடுத்துவருகிறேன். மாதச் சந்தா வாங்க வீடு வீடாகப் போகும்போது, படம் தெரியவில்லை, ரிமோட் வேலை செய்யவில்லை என்னும் புகார்களுக்கு அடுத்தபடியாக என் காதில் விழுவது திரையில் வரும் சிகரெட்டைப் பற்றிய பேச்சுதான். கேட்பவர்களில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் உண்டு, தாமே புகைப்பவர்கள் உண்டு, படத்தின் நடுவில் வரும் எச்சரிக்கையால் எரிச்சலடைந்தவர்களும் உண்டு. வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில்கள் இவை அல்ல என்பதால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே வைத்து இங்கே எழுதுகிறேன்.

டி.வி.யில் சிகரெட் பிடிப்பதைக் காட்டவே கூடாது என்று சட்டம் இருக்கிறதா, இல்லையா?

காட்டக் கூடாது என்று சட்டம் இல்லை. விளம்பரம் செய்வதற்குத்தான் முழுத் தடை. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003 நேரடி விளம்பரத்தையும் மறைமுக விளம்பரத்தையும் தடுக்கிறது. அதற்கு முன்பே, 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலுள்ள விளம்பர நெறிமுறை புகையிலைக்கும் மதுவுக்கும் இடம் கொடுக்கவில்லை.

காட்சியையே தடைசெய்ய ஒரு முயற்சி நடந்தது உண்மை. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த 2005-இல், திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் யாரும் புகைப்பதாகக் காட்டக் கூடாது என்று விதி அறிவிக்கப்பட்டது. திரைத்துறையினர் நீதிமன்றம் போனார்கள். அந்தத் தடை கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என்று 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2011-இல் புதிய விதிகள் வந்தன. அவை திருத்தப்பட்டு 2012 அக்டோபர் 2 முதல் இன்றைய வடிவில் நடைமுறையில் உள்ளன. கதைக்குத் தேவையென்றால் காட்டலாம், ஆனால் எச்சரிக்கையோடு காட்ட வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

படம் ஆரம்பிக்கும்போதும் நடுவிலும் வருகிற அந்தப் பஞ்சு விளம்பரத்தை நீங்கள்தான் போடுகிறீர்களா?

நான் போடுவதில்லை. நுரையீரலைப் பஞ்சுக்கு ஒப்பிட்டு, அதைப் பிழிந்து தாரை வடியவிடும் அந்தக் குறும்படத்தைச் சேனல் போடுகிறது. போட வைப்பது மேலே சொன்ன 2012 விதிகள். புகையிலை வரும் நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி எச்சரிக்கைப் படம், அதே இரு இடங்களிலும் புகையிலையின் தீங்கைச் சொல்லும் 20 விநாடி ஒலி-ஒளி அறிவிப்பு, பாத்திரம் புகைக்கும் நேரம் முழுவதும் திரையின் அடியில் எச்சரிக்கை வரி என மூன்று வகை எச்சரிக்கைகளை அவை கட்டாயமாக்குகின்றன. பெட்டியின் பிராண்டுப் பெயர் தெரியக் கூடாது என்பதும் உண்டு. சில காட்சிகளில் மேசைமேல் மங்கலான கட்டம் ஒன்று மிதப்பது இதனால்தான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் அந்த எழுத்து எதற்கு? நடித்தவரே போய்ச் சேர்ந்துவிட்டாரே?

நடித்தவர் போய்ச் சேர்ந்திருக்கலாம். பார்க்கிற பிள்ளை இன்றுதான் பார்க்கிறது. அதனால் விதிகளுக்கு முன்பே எடுத்த படங்களைத் தொலைக்காட்சியில் போடும்போதும் எச்சரிக்கை உண்டு. இந்தக் காட்சியை ஏன் வைத்தீர்கள் என்று விளக்கம் கேட்பது புதிய படங்களிடம் மட்டுமே. பழைய படத்தை வெட்டச் சொல்வதில்லை. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

சீரியலுக்கும் சினிமா மாதிரி சென்சார் உண்டா?

முன்கூட்டியே பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் தணிக்கை வாரியம் திரைப்படத்துக்குத்தான். புகைப்பதை ஊக்குவிக்கும், நியாயப்படுத்தும் அல்லது கவர்ச்சியாக்கும் காட்சிகள் கூடாது என்பது அந்த வாரியத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. தொடருக்கு அப்படி ஒரு வாசற்காவல் கிடையாது. நிகழ்ச்சி நெறிமுறையைச் சேனலே கடைப்பிடிக்க வேண்டும்; மீறினால் பிறகு புகார் செய்யலாம்.

ஆனாலும் மாலை நேரத் தமிழ்த் தொடர்களில் கதாநாயகன் சிகரெட்டோடு நிற்பதை நாம் அரிதாகவே காண்கிறோம். காரணம் ஒழுக்கம் மட்டுமாக இருக்காது என்பது என் கணிப்பு: எச்சரிக்கைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு விநாடியும் சோப்புக்கும் மசாலாப் பொடிக்கும் விற்றிருக்கக்கூடிய விநாடி. எப்படியோ நல்லது நடந்தால் சரி. ஆகவே டி.வி.யில் புகை என்று நம் மக்கள் குறைப்பட்டுக்கொள்வது பெரும்பாலும், டி.வி. வழியாக வீட்டுக்குள் வரும் சினிமாப் புகையைத்தான்.

கேபிள்காரர் நீங்கள்தானே, அந்தக் காட்சி வரும்போது நீங்களே வெட்டிவிட்டால் என்ன?

முடியாது, அனுமதியும் இல்லை. சேனலிலிருந்து வரும் சிக்னல் பூட்டிய நிலையில் வருகிறது. அதை உங்கள் வீட்டுச் செட்டாப் பாக்ஸ்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நான் ஒரு விநாடியைக்கூட எடுக்கவோ சேர்க்கவோ கூடாது. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு: பாக்ஸில் ரகசிய எண் வைத்துக் குறிப்பிட்ட சேனலைப் பூட்டலாம். எப்படி என்று கேட்டால் வந்து சொல்லித்தருகிறேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

பக்கத்து லயனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) தாத்தா நாள் முழுக்கப் பீடி பிடிக்கிறார். பிள்ளை அதைப் பார்க்காமல் டி.வி.யைப் பார்த்தா கெட்டுப்போகும்?

மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். குளிரில் மூச்சு வெண்புகையாக வருகிறது. உடனே ஒரு பையன் இரண்டு விரலை நீட்டி உதட்டில் வைக்கிறான், தலையைச் சாய்க்கிறான், ஒரு புருவத்தை ஏற்றுகிறான், பிறகு மேல்நோக்கி மெதுவாக ஊதுகிறான். பக்கத்து லயன் தாத்தா அப்படிப் பிடிப்பதே இல்லை. காற்றிலும் சாரலிலும் அணையாமல் இருக்க அவர் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்து, குனிந்து, அவசரமாக இழுத்துவிட்டு இருமுகிறார். பையன் தினமும் பார்ப்பது தாத்தாவை, நடித்துக்காட்டுவது திரையை. பழக்கம் இருக்கிறது என்பதைத் தாத்தா தெரிவிக்கிறார், அதற்கு ஒரு கம்பீரம் உண்டென்று நம்பவைப்பது திரை.

இது என் வாசல் அனுபவம் மட்டும் அல்ல. திரைப்படங்களில் புகைப்பதைப் பார்ப்பதற்கும் இளையவர்கள் புகைக்கத் தொடங்குவதற்கும் இடையே இருப்பது காரண காரியத் தொடர்பே என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை முடிவு சொன்னது. பார்த்த பிள்ளையெல்லாம் புகைக்கும் என்பது அதன் பொருள் இல்லை. அதிகம் பார்த்த கூட்டத்தில் தொடங்குபவர்கள் அதிகம் என்பதும், வீட்டுச் சூழல் முதலான பிற காரணங்களைக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை என்பதுமே பொருள். அறிக்கை பேசுவது சினிமாவைப் பற்றி. ஆனால் நம் வீடுகளில் சினிமா எங்கே ஓடுகிறது என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

சிகரெட் கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்துத்தானே காட்ட வைக்கிறார்கள்?

ஒரு காலத்தில் வெளிப்படையாகவே நடந்தது. 1960-களின் தொடக்கத்தில், பிளின்ட்ஸ்டோன்ஸ் என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பாத்திரங்களே வின்ஸ்டன் சிகரெட்டைப் பற்றவைத்து விளம்பரம் செய்தன. பிரிட்டனில் 1965-லும், அமெரிக்காவில் 1971 ஜனவரியிலும் தொலைக்காட்சி சிகரெட் விளம்பரம் நின்றது. படத்துக்குள் தங்கள் பொருளைக் காட்டப் பணம் கொடுக்கும் வழக்கத்தை, அமெரிக்காவிலுள்ள பெரிய சிகரெட் நிறுவனங்கள் 1998-இல் மாநில அரசுகளோடு செய்த ஒப்பந்தம் தடுத்தது.

இங்கே 2003 சட்டம் மறைமுக விளம்பரத்தையும் தடுப்பதால், பணம் வாங்கிக் காட்டினால் அது குற்றம். ஆதாரம் இல்லாமல் எந்தப் படத்தின் மீதும் அந்தப் பழியைப் போட நான் தயாராக இல்லை. காசு வாங்காமல் காட்டினாலும் பார்ப்பவன் மனத்தில் விளைவது ஒன்றுதான் என்பதால், அந்த ஆராய்ச்சி நமக்குத் தேவையும் இல்லை.

வில்லன் மட்டும் பிடித்தால் தப்பில்லையே? கெட்டவன் பழக்கம் என்று பிள்ளைக்குப் புரியும்தானே?

பெரியவர்கள் பலர் இதை ஒரு நல்ல தீர்வாகச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம் கதைகளில் கடைசிப் பத்து நிமிடம் வரை வெல்பவன் வில்லன். அவனுக்குத்தான் பெரிய நாற்காலி, நீளமான கார், சுற்றிலும் கைகட்டி நிற்கும் ஆட்கள். அவன் சுருட்டைப் பற்றவைக்க நான்கு பேர் தீப்பெட்டியோடு ஓடிவரும்போது பிள்ளை கற்றுக்கொள்வது கெட்டவன் புகைப்பான் என்பதை அல்ல, அதிகாரம் உள்ளவன் புகைப்பான் என்பதை. அதிலும் பதின்வயதுப் பையனுக்கு நல்லவன் என்னும் பட்டத்தைவிட யாருக்கும் அஞ்சாதவன் என்னும் பட்டம்தான் இனிக்கும்.

கீழேதான் எழுத்து ஓடுகிறதே, அது போதாதா?

அது ஓடாமல் நிற்கும் எழுத்து. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. எச்சரிக்கையால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். புகைப்பது புற்றுநோயை உண்டாக்கும் என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகூட ஒப்பிக்கிறது. அந்த அறிவை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் இதற்கும் பங்கு உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எழுத்து அறிவோடு பேசுகிறது, காட்சி ஆசையோடு பேசுகிறது. நாயகன் முகத்தில் வெளிச்சம் விழுந்து, பின்னணி இசை எழும்பி, புகை மெல்லச் சுருளும்போது கண் திரையின் அடிப்பகுதிக்கு இறங்குவதில்லை. சில வீடுகளில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன்: எழுத்து காட்சிக்குச் சற்று முன்பே வந்துவிடுவதால், “இப்போ பிடிக்கப்போறார் பாரு” என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எச்சரிக்கை அங்கே கட்டியக்காரனாகிவிடுகிறது.

மலைக்குளிருக்கு ஒரு தம் போட்டால் உடம்பு சூடாகும் என்பது உண்மைதானே? ஊட்டிக்கு வந்தாலே ஹீரோ பற்றவைக்கிறாரே?

உண்மை இல்லை. நிக்கோடின் தோலிலுள்ள சிறிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் விரல்நுனிக்குப் போகும் இரத்தம் குறைந்து விரல் இன்னும் குளிர்கிறது. நெருப்பு முகத்தருகே இருப்பதாலும், பழகியவருக்கு நிக்கோடின் இல்லாத பதற்றம் தணிவதாலும் கதகதப்பாக இருப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நம் மலையைப் படமெடுக்க வருகிறவர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தமும் இதுதான். பனிமூட்டம், கம்பளிச் சட்டை, ஏரிக்கரை என்றால் கையில் ஒரு சிகரெட் என்பது ஏதோ உடுப்பின் பகுதிபோல ஆகிவிட்டது. அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்து விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் சூட்டுக்கு நாடுவது ஒரு டம்ளர் தேநீரையும் தலையைச் சுற்றிய மப்ளரையும். அது ஏன் காமிராவுக்கு அழகாகத் தெரிவதில்லை?

உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டாமா? ஊரில் பிடிக்கிறார்கள், அதனால் படத்திலும் பிடிக்கிறார்கள்.

புகையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் இதுவே வலுவான வாதம். கதை சொல்கிறவரின் உரிமையை நான் மதிக்கிறேன். அமெரிக்க இயக்குநர் வூடி ஆலன் தம்முடைய படத்தில் எச்சரிக்கை எழுத்தை ஏற்க மறுத்ததால் 2013-இல் அந்தப் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை; அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் நிஜத்தை அளவுகோலாகக் கொண்டுவந்தால், முழு நிஜத்தையும் கொண்டுவர வேண்டும். 2016–17-இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 விழுக்காடு, பீடி பிடிப்பவர்கள் 7.7 விழுக்காடு, புகையில்லாத புகையிலையை மெல்பவர்களும் அடக்கிக்கொள்பவர்களும் 21.4 விழுக்காடு. திரையில் யார் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள்: சிகரெட், சிகரெட், எப்போதாவது சுருட்டு. இங்கே தோட்டத்துப் பெண்கள் வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொள்வதும், வாய்ப்புண்ணோடு மருந்தகத்தில் உட்கார்ந்திருப்பதும் எந்தத் தொடரில் வந்தது? புகைப்பவருக்கு உண்மையில் அமையும் இருமல், துணியில் ஏறும் நாற்றம், மாதக் கடைசியில் பெட்டிக்கடைக் கணக்கு இவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, சுருளும் புகையை மட்டும் வைத்துக்கொண்டு, அதை யதார்த்தம் என்று சொல்வது எடுபடாது.

கொலை, கடத்தல், மாமியார் விஷம் வைப்பது எல்லாம் காட்டுகிறார்கள். சிகரெட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கூப்பாடு?

கொலைக்காட்சி பார்த்த பிள்ளை மறுநாள் கொலைக்கருவி தேடிப் போவதில்லை. தேடினாலும் தெருமுனையில் கிடைக்காது. சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்பதும், பள்ளி கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்பதும் சட்டம். சட்டம் எல்லாக் கடையிலும் விழித்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் நம்ப வேண்டாம். மேலும், கொலையைக் கதை தண்டிக்கிறது. புகைத்தவனை எந்தக் கதையும் அதற்காகத் தண்டிப்பதில்லை. தண்டனை முப்பது ஆண்டு கழித்து, படம் முடிந்த பிறகு வருகிறது.

மது இதே அளவு கவலைக்குரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹீரோவிடமிருந்து சிகரெட்டைப் பிடுங்கிவிட்டால் ஸ்டைல் போய்விடாதா?

சிகரெட்டைத் தூக்கிப்போட்டு உதட்டில் பிடிப்பதைத் தமிழ்நாட்டுக்கே வித்தையாகக் காட்டிய ரஜினிகாந்த், 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில படங்களில் அதைத் தவிர்த்தே நடித்தார். விசில் சத்தம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. 2018-இல் சர்கார் படத்தின் முதல் போஸ்டரில் விஜய் சிகரெட்டோடு இருந்ததற்கு எதிர்ப்பு எழுந்து, சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பிய பிறகு, அந்தப் போஸ்டர் இணையப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டது. விளம்பரப் படங்களில் புகையிலையைக் காட்டவே கூடாது என்பது 2012 விதிகளில் உள்ளது. போஸ்டர் போனதால் படத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

டி.வி.யை விடுங்கள், பிள்ளைகள் எல்லாம் செல்போனில் அல்லவா பார்க்கிறார்கள்?

ஓடிடி தளங்களுக்கும் 2023 செப்டம்பர் 1 முதல், இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே மூன்று எச்சரிக்கைகள் கட்டாயம். தொல்லை அதற்கும் வெளியே இருக்கிறது. படத்திலிருந்து அரை நிமிடத்தைக் கத்தரித்து, நிமிர்ந்த செல்போன் திரைக்கு ஏற்றவாறு ஓரங்களை வெட்டி, புதுப் பாட்டைச் சேர்த்துப் பரப்புகிறார்கள். வெட்டியதில் எச்சரிக்கை வரியும் பாதி போய்விடுகிறது. அப்படிச் சுற்றிவரும் துண்டில் மிஞ்சுவது கதையும் இல்லை, காரணமும் இல்லை, ஊதுகிற முகம் மட்டுமே. இதைச் செட்டாப் பாக்ஸ் பூட்டால் தடுக்க முடியாது.

சிகரெட்டுக்குப் பதில் அந்த எலெக்ட்ரானிக் பேனா மாதிரி ஒன்றைக் காட்டினால்?

இ-சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. கடையில் விற்கவே கூடாத பொருளை நாயகன் கையில் கொடுப்பது சிகரெட்டைவிட மோசமான யோசனை.

ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் நம் ஊரிலேயே பிடித்துப் போடுகிறார்களே, அதைக் கேட்க ஆள் இல்லையா?

உணவகம், பேருந்து நிலையம், அலுவலகம் போன்ற பொது இடங்களில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2008 அக்டோபர் 2 முதல் அந்த விதிகள் நடைமுறையில் உள்ளன. நடிப்புக்காகப் பிடித்தேன் என்பதற்குத் தனிச் சலுகை எதையும் நான் அவற்றில் பார்க்கவில்லை. திறந்த புல்வெளி பொதுவாக அந்த விதிகளில் அடங்காது. ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனியில் காய்ந்த புல், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு தீப்பொறிக்குப் பற்றும். காப்புக்காட்டில் தீ வைப்பது வனச் சட்டப்படி குற்றம். அணைக்காமல் எறிந்த துண்டைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

படப்பிடிப்பில் பிடிப்பது மூலிகைச் சிகரெட், அதனால் தீங்கில்லை என்றும் சொல்வார்கள். நிக்கோடின் இல்லாமல் இருக்கலாம். எந்த இலையை எரித்து இழுத்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குப் போகும்.

எல்லாம் சரி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? காட்டலாமா, கூடாதா?

குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் மாலை நேரத் தொடரில் கூடாது. திரையரங்குக்குப் போவது நாமாகத் தேர்ந்து, காசு கொடுத்து, எப்போதோ ஒருநாள் செய்வது. தொடர்ப் பாத்திரம் வாரம் முழுவதும் அழைக்காமலே கூடத்துக்குள் வந்து, ஆண்டுக்கணக்கில் பழகி, ஏறக்குறைய உறவாகிவிடும். அத்தை மாமா செய்வதைப் பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அதையும் பார்க்கும். அவ்வளவு நெருக்கத்தில் இருப்பவர் கையில் சிகரெட் கொடுக்க மிகப் பெரிய காரணம் வேண்டும். நான் பார்த்த தொடர்களில் அப்படி ஒரு காரணம் இருந்ததில்லை.

பெரியவர்களுக்கென்று வகைப்படுத்திய, புகையை அலங்காரமாக்காத கதையில் காட்டலாம். ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் காவலாளி இரவுப் பணியில் பீடி பிடிப்பதைக் காட்டுவதை நான் தடுக்க மாட்டேன்; அதே காவலாளியை மெதுவோட்டத்தில், இசையோடு, கீழிருந்து மேலாகக் காமிராவை ஏற்றிக் காட்டினால் தடுப்பேன். முழுத் தடையை நான் கேட்கவில்லை. நீதிமன்றம் ஒருமுறை நீக்கிவிட்டது என்பது அதற்குக் காரணம் இல்லை. மறைத்துவைத்த எதையும் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்பதே காரணம்.

எச்சரிக்கை இல்லாமல் காட்டினால் யாரிடம் புகார் செய்வது?

முதலில் சேனலிடம். ஒவ்வொரு சேனலும் குறைதீர்ப்பு அதிகாரியின் விவரத்தைத் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். 2021-இல் திருத்திய கேபிள் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதன்பின் மத்திய அரசின் கண்காணிப்பு ஏற்பாட்டுக்கும் போகலாம். சேனல், நிகழ்ச்சி, நாள், நேரம், எது விடுபட்டிருந்தது என்னும் ஐந்தும் புகாரில் இருக்கட்டும். எழுதத் தயங்குபவர்கள் சந்தா வாங்க வரும்போது என்னிடம் சொன்னால், உட்கார்ந்து எழுதித்தருகிறேன்.

நானே பிடிக்கிறவன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காட்சி வந்தால் நான் என்ன முகத்தோடு கண்டிப்பது?

கண்டிக்க வேண்டாம், விட முயன்றபோது உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைச் சொல்லுங்கள். திரை சொல்லாத பகுதி அது, உங்கள் வாயிலிருந்து வந்தால் பிள்ளை நம்பும். மீண்டும் விட முயல நினைத்தால், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.